வீட்டு கேரேஜில் கார் சுழல்மேடை அமைத்தால் பெட்ரோல் மிச்சமாகுமா?

சந்துவீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டு கேரேஜுக்குள்ளேயே காரைத் திருப்பி நிறுத்தும் சுழல்மேடை ஒன்றை அமைக்கலாமா என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்பனையாளர் தந்த விளக்கத்தாளில் இதனால் கணிசமான எரிபொருள் சேமிப்பு கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டும் எண்ணாக எதுவும் பதில் வரவில்லை. அதனால்தான் விவரம் அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரேஜ் வீட்டின் பின்புறம் இருக்கிறது. சாலையிலிருந்து அங்கே போவதற்கு, பக்கச்சுவரை ஒட்டி 3 மீட்டர் அகலமும் 25 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சந்துதான் வழி. மாலையில் நேராக உள்ளே ஓட்டிச் சென்று நிறுத்திவிடுகிறேன். காலையில் அந்தச் சந்தின் முழு நீளத்துக்கும் ரிவர்ஸிலேயே வந்து, போக்குவரத்து மிகுந்த சாலைக்குள் வண்டியின் பின்புறத்தை முதலில் நீட்ட வேண்டியிருக்கிறது. இருபுறமும் உயரமான மதில்கள் இருப்பதால், வண்டியில் பாதி சாலைக்குள் போன பிறகுதான் எதிரே வருகிற வண்டிகள் என் கண்ணில் படுகின்றன.

இரண்டு வாரம் கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தேன். எஞ்சினை இயக்கியதிலிருந்து சாலையில் முன்னோக்கி நகரத் தொடங்கும் வரை சராசரியாக 2 நிமிடம் 10 நொடி ஆகிறது. அதில் பெரும்பகுதி, சந்தின் வாயில் எஞ்சினை ஓடவிட்டபடி இடைவெளிக்காகக் காத்திருக்கும் நேரம்.

கார் பெட்ரோலில் ஓடுவது, 1.5 லிட்டர் எஞ்சின், 4.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், எடை சுமார் 1.2 டன். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது. கேரேஜின் உள் அகலம் 5.8 மீட்டர். விற்பனையாளர் பரிந்துரைப்பது 4.2 மீட்டர் விட்டமுள்ள, 0.75 கிலோவாட் மோட்டாரில் இயங்கும், ரிமோட்டால் கட்டுப்படுத்தக்கூடிய மேடை.

இதனால் உண்மையில் எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகும்? அந்த மிச்சத்தை நம்பி இதில் இறங்கலாமா? ஏற்கெனவே அமைத்தவர்கள் யாராவது இருந்தால், வாங்குவதற்கு முன் எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

எஞ்சின்கணக்கு

நண்பர் சந்துவீடு அவர்களுக்கு வணக்கம். நேரத்தை அளந்து எழுதியது மிகவும் நல்லது. அந்த ஓர் எண் இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு ஊகமாக அல்லாமல் கணக்காகப் பதில் சொல்ல முடிகிறது.

உங்கள் அளவுள்ள பெட்ரோல் எஞ்சின், சூடேறிய நிலையில், வண்டி நிற்கும்போது வெறுமனே ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 0.7 முதல் 0.9 லிட்டர் வரை குடிக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சின் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். குளிர்ந்த சுவர்களில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோல் மிகுந்த கலவையை அனுப்புகிறது. எஞ்சினின் சுழற்சி வேகத்தையும் சற்று உயர்த்தியே வைக்கிறது. ஆகவே உங்கள் காலைப் பொழுதுக்கு மணிக்கு 1.2 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து நேரம். 2 நிமிடம் 10 நொடி முழுவதையும் மிச்சம் என்று எழுதிவிடக் கூடாது, இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வண்டியைத் திருப்பி வைத்திருந்தாலும் அந்த 25 மீட்டரைக் கடந்துதான் ஆகவேண்டும். சாலையில் இணைய ஓர் இடைவெளிக்காகவும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் முன்னோக்கி நின்றால் சிறிய இடைவெளியே போதும். இவற்றுக்கு 40 நொடி ஒதுக்கினால் மீதி 90 நொடி. மணிக்கு 1.2 லிட்டர் வீதம் 90 நொடிக்கு 30 மில்லிலிட்டர். ஆண்டில் 300 நாள் இப்படிப் புறப்படுவதாக வைத்தால் 9 லிட்டர். நீங்கள் ஓட்டும் தூரத்துக்கு ஆண்டுச் செலவு சுமார் 667 லிட்டர். ஆக மிச்சம் நூற்றுக்கு ஒன்றேகால், ஒன்றரைக்குள் அடங்கிவிடுகிறது. டிக்கியில் தேவையில்லாமல் கிடக்கும் 45 கிலோ சுமையை இறக்கி வைத்தால் கிடைப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. மேடையின் மோட்டார் முழுத் திறனையும் இழுப்பதாகவே வைத்து, அரைச்சுற்றுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று கொண்டால், ஒரு தடவைக்கு 0.0125 யூனிட்; 300 நாளைக்கு நாலு யூனிட்டுக்கும் குறைவு. பார்த்தால் மிகச் சொற்பம். ஆனால் ரிமோட்டின் கட்டளைக்காக இரவும் பகலும் விழித்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அது வெறும் 5 வாட் இழுத்தாலே ஆண்டுக்கு 43.8 யூனிட் ஆகிவிடும். மேடையைச் சுழற்றுவதற்கு ஆகும் மின்சாரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல், சும்மா இருப்பதற்கே செலவாகிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதானால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நீங்கள் மிச்சப்படுத்தும் 9 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வெளியேறுவது, லிட்டருக்கு 2.3 கிலோ வீதம், 21 கிலோவுக்குள்தான். ஒரு கையால் சேமித்ததை மறு கையால் இரண்டு மடங்காகச் செலவழித்த கதையாகிவிடும். ஆகவே அமைப்பதாக முடிவு செய்தால், மேடைக்கென்று தனியாக ஒரு சுவர் சுவிட்ச் வைத்து, திருப்பி முடித்ததும் அணைத்துவிடுங்கள். இதை நான் மிக வலியுறுத்திச் சொல்கிறேன்.

மேடையைச் செய்வதற்கே ஆகும் எரிபொருளையும் மறந்துவிடக் கூடாது. ஒரு டன் எஃகை உருவாக்க உலக அளவில் சராசரியாக இரண்டு டன்னுக்குச் சற்றே குறைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மேடை ஒரு டன் எடை என்று கொண்டால், உங்கள் 9 லிட்டர் மிச்சம் அந்தக் கடனை அடைக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகும். குழி தோண்டி கான்கிரீட் போட்டால் இன்னும் நீளும். மூன்று கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே ஒரு டன் அளவுக்குச் சேர்த்துவிடும்.

பெட்ரோல்தான் நோக்கம் என்றால், செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மாலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ரிவர்ஸில் உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டால், காலையில் குளிர்ந்த எஞ்சினோடு மெனக்கெட வேண்டியதில்லை. அதே திருப்பம்தான்; சூடான எஞ்சினில் செய்யும்போது குறைவாகவே குடிக்கும். இன்னொன்று: எஞ்சின் சூடேறட்டும் என்று கேரேஜுக்குள் நிற்கவைத்து ஓடவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். இக்கால எஞ்சின்களுக்கு அது தேவையில்லை. மெதுவாக ஓட்டிச்செல்வதே அவற்றைச் சூடாக்கும் சரியான முறை. மூடிய கேரேஜில் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் சேரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சந்துவீடு

மிக்க நன்றி ஐயா. ஒன்பது லிட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும், நான் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கு எவ்வளவு மிகையானது என்று புரிந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

மாலையில் ரிவர்ஸில் ஏற்றும் யோசனையைப் பல முறை முயன்று பார்த்துவிட்டேன். எங்கள் வாசலுக்கு முப்பது மீட்டர் தள்ளி ஒரு வளைவு இருக்கிறது. சந்தின் வாயைத் தாண்டி நிறுத்திப் பின்னோக்கித் திரும்பும்போது, வளைவிலிருந்து வருகிறவர்களுக்கு நான் நிற்பது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. ஒருமுறை பின்னால் வந்த வேன் பிரேக் அடித்து, என் பம்பருக்கு ஒரு கை அகலத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து என் மனைவி வண்டியில் இருக்கும்போது அந்த முயற்சியையே நான் செய்வதில்லை. உள்ளே நேராகப் போவது, வெளியே நேராக வருவது, இரண்டும் வேண்டுமென்றால் வளாகத்துக்குள்தான் திருப்பவேண்டும். திருப்புவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை.

எட்டாண்டு அனுபவம்

வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாகச் சுழல்மேடை வைத்திருக்கிறேன். என்னுடையது முற்றத்தில், குழிக்குள் அமைந்தது. மேல்தளம் தரையோடு தரையாக இருக்கும். மேலே எஞ்சின்கணக்கு சொன்னது என் அனுபவத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குண்டு. மேடை வருவதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்; மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குள்ளேயே அந்த மிச்சம் மறைந்துவிட்டது. பெட்ரோலுக்காக வாங்கியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். ஆனால் வளைவில் அந்த வேன் வந்து நின்றதைப் படித்ததும், உங்களுக்கு இது வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பின்புறத்தை முதலில் சாலைக்குள் நீட்டவேண்டிய கட்டாயம் நீங்குவது சிறிய விஷயமே அல்ல. மேடை வந்த பிறகு ஒருநாள் காலைகூட நான் கழுத்தைத் திருப்பியபடி சாலைக்குள் இறங்கியதில்லை.

வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றில் முதன்மையானது இடம். விற்பனையாளர்கள் மேடையின் விட்டத்தையே பேசுவார்கள். மேடையின் மேல் நிற்பவை சக்கரங்கள் மட்டுமே. பம்பர்கள் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். உங்கள் காரின் நான்கு டயர்களும் அடங்க 3.3 மீட்டர் விட்டமே ஏறக்குறையப் போதும், ஆகவே 4.2 மீட்டர் மேடை தாராளம். ஆனால் சுழலும்போது காரின் மூலைகள் வரையும் வட்டம்தான் சுவரில் இடிப்பது. 4.4 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள காருக்கு அந்த வட்டம் 4.75 மீட்டர். இதுவும் காரின் நடுப்புள்ளி மேடையின் நடுப்புள்ளிக்கு நேராக நின்றால்தான். நாள்தோறும் அப்படி யாரும் நிறுத்துவதில்லை. நீங்கள் 40 சென்டிமீட்டர் முன்னே போய் நிறுத்திவிட்டால், அந்த வட்டம் ஐந்தரை மீட்டராகப் பெருகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அமைத்த மூன்றாவது மாதம், மழையில் அவசரமாக வந்து, வழக்கத்தைவிடச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினேன். மேடை மிக மெதுவாகத்தான் சுழன்றது. காரின் மூலை நொடிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் நகரும். அந்த மெதுவான ஓட்டத்திலேயே முன்பம்பரின் ஓரம் தூணில் உரசி, கீறல் என்று நான் நினைத்தது கையை வைத்துப் பார்த்தபோது ஒரு விரிசலாக இருந்தது. மறுநாளே முன்சக்கரம் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு மேடையின்மேல் ஒரு விரல் உயரத்துக்கு எஃகுப் பட்டை ஒன்றைப் பற்றவைத்துவிட்டேன். டயர் அதில் லேசாக ஏறி இறங்குவது ஸ்டியரிங்கில் தெரியும். அதுதான் நிறுத்தும் இடம். இன்றுவரை அது தவறியதில்லை.

அந்த மெதுவான வேகமே ஓர் ஆபத்தும்கூட. மெதுவாகச் சுழல்வதால் குழந்தைகளுக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரிகிறது. ஆனால் பம்பருக்கும் சுவருக்கும் இடையில் யாராவது நின்றால், மோட்டார் அதைப் பொருட்படுத்தாது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டுமே சுழன்று, விரலை எடுத்தவுடன் நிற்கும் வகையைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். ஒருமுறை தட்டிவிட்டால் தானே அரைச்சுற்று போய் நிற்பது வசதியாகத் தெரியும். அந்த வசதி வேண்டாம். அவசரநிறுத்தப் பொத்தான் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, கதவுகள் நான்கும் சாத்தியிருக்கின்றனவா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுழற்றவேண்டும்.

குழி வகையைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். என் குழியின் வடிகால் இலைகளால் அடைத்துக்கொண்டு, ஒரு மழை இரவில் தண்ணீர் நின்று, மோட்டாரும் ஒரு சக்கரத்தின் பேரிங்கும் வீணாகிவிட்டன. பழுதுபார்க்க மேல்தகட்டைக் கழற்றியபோது உள்ளே இரண்டு கூடை சருகும் ஜல்லியும் கிடந்தன. விளிம்பின் இடைவெளி விரல் நுழையாத அளவே இருந்தாலும் அதன் வழியாகத்தான் அத்தனையும் போயிருக்கிறது. கேரேஜுக்குள் அமைப்பதால் உங்களுக்குச் சருகுத் தொல்லை குறையும். ஆனாலும் மழையில் நனைந்த காரிலிருந்து வடியும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். தரைக்கு மேலேயே, ஓரத்தில் சிறு சரிவுடன், ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் வைக்கும் வகைகளும் உள்ளன. சுவரின் அஸ்திவாரத்துக்கு அருகில் தோண்டவேண்டிய கவலையும் அதில் இல்லை. எஞ்சின்கணக்கு சொன்ன கான்கிரீட்டும் மிச்சம்.

நீராவிநேயன்

வணக்கம். ரயில்வேயில் லோகோ ஷெட்டுகளை, அதாவது ரயில் எஞ்சின் கொட்டகைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. மோட்டார் கட்டாயம் வேண்டுமா என்பதை ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

நீராவி எஞ்சின்களுக்கு முகம் ஒரு திசையில்தான் இருக்கும் என்பதால், பயணம் முடிந்த இடத்தில் அவற்றைச் சுழல்மேடையில் ஏற்றித் திருப்புவார்கள். நூறு டன்னையும் தாண்டும் எஞ்சின்களைக்கூட இரண்டு பேர் நீண்ட கம்பைப் பிடித்துத் தள்ளியே திருப்பிவிட முடிந்தது. அதன் சூட்சுமம் சமநிலைதான். எஞ்சினின் எடை முழுவதும் மேடையின் நடு அச்சின்மேல் விழும்படி டிரைவர் அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவார். எடை நடுவில் சரியாக அமர்ந்ததும் மேடையின் இரு முனைகளும் லேசாக மேலெழும்பி நிற்கும். அதன் பிறகு தள்ளுவது எளிது. சான் பிரான்சிஸ்கோவில் தெருத் தண்டவாளத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்பட்டு ஓடும் கேபிள் கார்களை, பவல் தெருத் தடத்தின் முனையில் இன்றும் பணியாளர்கள் கையாலேயே தள்ளித் திருப்புகிறார்கள்.

உங்கள் காருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் 1.2 டன், மேடை ஒரு டன், ஆக 2.2 டன். விளிம்பில் உள்ள சக்கரங்களின்மேல் உருளும் மேடையாக இருந்து, பேரிங்குகள் நல்ல நிலையில் இருந்தால், விளிம்பருகே சுமார் 33 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளினால் போதும். தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். நகரத் தொடங்கியபின் ஒருவரே தள்ளிக்கொண்டு நடக்கலாம். அரைச்சுற்றுக்கு ஆறு மீட்டர் நடை. அதற்கு ஆகும் வேலை 2 கிலோஜூல். எஞ்சின்கணக்கு சொன்ன 30 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குள் இருப்பது ஏறத்தாழ 960 கிலோஜூல். ஒரு மனிதர் ஆறு மீட்டர் தள்ளினால் முடிகிற காரியத்துக்கு நாம் காலைதோறும் அதைப்போல் ஐந்நூறு மடங்கு ஆற்றலை எரித்துக்கொண்டிருக்கிறோம். எஞ்சினைக் குறைகூற இதைச் சொல்லவில்லை; தன் எடையைத் தானே முன்னும் பின்னும் நகர்த்துவதும், நின்ற இடத்தில் ஓடுவதும் எவ்வளவு வீணான வழி என்பதை இந்த எண் காட்டுகிறது.

கையால் தள்ளும் மேடைக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி கிடையாது, ரிமோட் கிடையாது, மழையில் எரிந்துபோக மோட்டாரும் கிடையாது. தள்ளுபவர் மேடையின் அருகிலேயே நிற்பதால் தூணும் குழந்தையும் அவர் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் திருப்பி முடித்ததும் நகராமல் பூட்டும் கொண்டி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கார் இறங்கும்போது மேடை வழுகித் திரும்பக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் எடையில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு முன்பக்கம் இருக்கும். நடு அச்சை மட்டுமே நம்பி நிற்கும் மேடையில், எடைக்காகச் சற்றுப் பின்னே தள்ளி நிறுத்தவேண்டும். சுவர் இடிக்காமலிருக்க நடுவில் நிறுத்தவேண்டும். 5.8 மீட்டர் கேரேஜில் இந்த இரண்டையும் நாள்தோறும் ஒருசேரச் சரியாகச் செய்வது கடினம். ஆகவே விளிம்புச் சக்கரங்கள் உள்ள வகையையோ, பெரிய வளையப் பேரிங் உள்ள வகையையோ கேளுங்கள். அவற்றில் எடை எங்கே விழுந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது.

மின்வண்டி

ஒரு சிறு குறிப்பு மட்டும். அடுத்து வாங்கப்போவது மின்சாரக் காராக இருந்தால், எரிபொருள் பற்றிய பேச்சே முடிந்துவிடும். இடைவெளிக்காகக் காத்திருக்கும்போது அதன் மோட்டார் ஓடாது. விளக்கும் ஏசியும் இழுப்பது மட்டுமே செலவு. ஆனால் பேட்டரியினால் அந்தக் கார்கள் கணிசமாகக் கனமானவை. இரண்டு டன்னைத் தாண்டுபவை சாதாரணமாகவே கிடைக்கின்றன. மேடையின் தாங்குதிறன் மூன்று டன்னாவது இருக்கட்டும். சார்ஜ் ஏற்றும் கேபிள் செருகியிருக்கும்போது மேடையைச் சுழற்றிவிட்டால் கேபிளோ செருகுவாயோ பிய்ந்துவிடும். ஆகவே எந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது சார்ஜ் ஏற்றப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, சார்ஜரை அந்தச் சுவரில் மாட்டுங்கள். மாலையில் வந்தவுடன் திருப்பிவிட்டு, அதன் பிறகே கேபிளைச் செருகுவது என்று பழகிக்கொள்வது நல்லது.

சந்துவீடு

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்ரோல் மிச்சம் என்ற வரியை என் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். சாலைக்குள் பின்னோக்கி இறங்கவேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இனி இதைப் பரிசீலிக்கிறேன், அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

நேற்று மாலை காரை வெளியே நிறுத்திவிட்டு, கேரேஜ் தரையின் நடுவில் ஓர் ஆணியில் கயிற்றைக் கட்டி, 2.75 மீட்டரில் முடிச்சிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் வரைந்து பார்த்தேன். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் 15 சென்டிமீட்டர் வீதம் இடம் இருக்கிறது. ஆனால் பின்சுவரை ஒட்டி இறங்கும் தண்ணீர்க் குழாயின் வளைவு வட்டத்துக்குள் எட்டு சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்தான் இருப்பதால் இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. பம்பரும் சரியாக அதே உயரத்தில்தான் இருக்கிறது.

விற்பனையாளரிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். தரைக்கு மேல் வைக்கும் வகையில், விளிம்புச் சக்கரங்களும் பூட்டும் கொண்டியும் உள்ள, கையால் தள்ளும் மேடை அவர்களிடமே இருக்கிறதாம். மூன்று டன் தாங்கும் என்கிறார்கள். கேட்டால் மட்டுமே காட்டுவார்கள் போலிருக்கிறது. என் மனைவியாலும் தனியாகத் தள்ள முடிகிறதா என்பதை எங்கள் காரையே ஏற்றிப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் குழாயை மாற்றிவைக்க ஆள் பார்க்கவேண்டும்.

எட்டாண்டு அனுபவம்

தள்ளிப் பார்க்கும்போது டயர்களையும் சுற்றியுள்ள தரையையும் ஈரமாக்கிவிட்டு ஏற்றிப் பாருங்கள். காய்ந்த தரையில் காலூன்றித் தள்ளுவது வேறு, ஈரமான தரையில் தள்ளுவது வேறு. காரிலிருந்து இறங்கும்போது மேல்தகட்டின் புடைப்புகள் செருப்புக்குப் பிடி கொடுக்கின்றனவா என்பதும் அப்போதுதான் தெரியும். தள்ளுபவர் மேடைக்கு வெளியே தரையில் நின்று தள்ளும்படி கைப்பிடி அமைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கேரேஜில் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர்தான் இடம் என்பதால், காரின் மூலை சுவரைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் தள்ளுபவர் எங்கே நிற்பார் என்பதைச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.